மறைந்தவரின் முகவரி

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. மஃரிபுத் தொழுகையை முடித்துவிட்டு, இராஜபாளையத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியைத் திறந்தேன். எட்டு மாதங்களுக்கு முன்னர் மௌத்தாகிவிட்ட என் நண்பரின் பெயர் கண்ணில் பட்டது. பெயர் அவருடையது, முகம் அவருடையதன்று. வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியுமாக அவர் புன்னகைத்த இடத்தில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் ஓர் இளைஞனின் படம் இருந்தது.

நண்பரின் கட்டிலில் அந்நியன் ஒருவன் படுத்திருக்கக் கண்டது போன்ற கோபம் எனக்கு எழுந்தது. அந்தக் கோபம் நியாயமற்றது என்பதைப் பிறகு உணர்ந்தேன். அந்த இளைஞரோடு பேசவும் செய்தேன். அந்தப் பேச்சுத்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. ஆயினும் அதைச் சொல்லுமுன், என் நண்பரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பத்திரம் எழுதுவது அவர் தொழில். விருதுநகர் மாவட்டம் என்று பெயர் இருந்தாலும், மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் என்பது இப்பக்கத்தார் அறிந்த செய்தி. ஆகவே அவ்வூரில் வழக்குகளுக்கும் பத்திரங்களுக்கும் என்றும் பஞ்சமில்லை. கிரயம், அடமானம், பாகப் பிரிவினை, தானம், உயில் என நாற்பதாண்டுகள் பிறருடைய சொத்துகளுக்கும் பிறருடைய மரணங்களுக்கும் எழுத்துத் தந்தவர் அவர். முஸ்லிம் ஒருவர் இறந்தால் எது முதலில், எது பின்னர் என்பதை விரல் மடக்கிச் சொல்வார். முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதன் பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், எஞ்சியதே வாரிசுகளின் பங்கு. “வரிசை மாறினால் வம்பு” என்பது அவருடைய வாடிக்கையான முத்தாய்ப்பு.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தது. பள்ளிவாசல்களில் ஜமாஅத் நின்றது, ஜும்ஆவும் நின்றது. அந்த வெறுமையில்தான் நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் தொடங்கினார். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்களிலும், இங்கிருந்து சென்று வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரிலுமாக ஏறத்தாழ 130 பேர் அதில் சேர்ந்தனர். வெள்ளிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் பத்து நிமிடம், உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலிருந்து சில விருத்தங்களை ஓதிப் பொருள் சொல்லிக் குரல் பதிவாக அனுப்புவார். பேச்சின் நடுவே பால்காரரின் மணியும், பேரனின் அழுகையும் கேட்கும். அவற்றை நீக்கியனுப்பக் கூடாதா என்று கேட்டவர்களுக்கு, “நான் வானொலி நிலையமா நடத்துகிறேன்?” என்பார்.

5027 விருத்தங்களைக் கொண்ட அக்காப்பியத்தில் விலாதத்துக் காண்டத்தைக் கடந்து, நுபுவ்வத்துக் காண்டத்தின் நடுவே அவர் வந்திருந்தார். 2023 நவம்பரில், ஐப்பசி மழை அடித்துப் பெய்த ஓரிரவில், நெஞ்சுவலி வந்து வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மறுநாள் காலை குளிப்பாட்டும் வேளையில் நிகழ்ந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். உறவினரான இளைஞர் ஒருவர், நண்பரின் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. வெளியூர்களுக்குச் செய்தி சொல்ல எண்கள் வேண்டும்; கைப்பேசியோ பூட்டியிருந்தது. “அத்தா, ஒரு தடவை அவங்க பெருவிரலை இதில் வைத்துப் பார்க்கட்டுமா?” என்று குளிப்பாட்டும் பெரியவரிடம் மெல்லக் கேட்டார். பெரியவர் நீர் ஊற்றிய கையை நிறுத்தினார். “உயிரோடு இருந்தபோது கேட்காத சம்மதத்தை மையித்தின் விரலிடம் கேட்காதே, தம்பி” என்றார். அவ்வளவே. இளைஞர் தலை கவிழ்ந்து வெளியே போய்விட்டார்.

இதை நம் ஊர் இளைஞரின் பேதைமை என்று எண்ணிவிட வேண்டாம். 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் காவலர்களே ஈமச்சடங்கு இல்லத்துக்குச் சென்று, இறந்துபோன ஒருவரின் விரலை அவருடைய கைப்பேசியில் வைத்துத் திறக்க முயன்றனர். பூட்டுத் திறக்கவில்லை. மையித்தைக் குளிப்பாட்டுபவர், அங்கே கண்ட குறைகளை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். உடலுக்கே அந்த மறைப்பு உண்டென்றால், உள்ளத்தைக் கொட்டி வைத்த பேழைக்கு இல்லாமற் போகுமா?

ஆனால், பேழை பூட்டியே இருந்ததால் விளைந்த தொல்லைகளையும் நான் மறைக்கப் போவதில்லை.

நண்பரின் கைப்பேசி அணைக்கப்பட்டு அலமாரிக்குள் போயிற்று. வாட்ஸ்அப்பிலோ அவர் இருந்துகொண்டே இருந்தார். குழுவின் ஒரே நிர்வாகி அவர்தாம். வீண் படங்களும் வதந்திகளும் வந்து சேரலாகாது என்று, ஆளைச் சேர்க்கும் அதிகாரத்தையும் நீக்கும் அதிகாரத்தையும் தம்மிடமே வைத்திருந்தார். ஆகவே புதிதாக ஒருவரைச் சேர்க்கவும் வழியில்லை. தகாதது அனுப்பியவரை நீக்கவும் வழியில்லை. காவலர் கபுருக்குள், சாவி அவர் கையில்! மௌத்துச் செய்தி அறியாதவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கு ஜும்ஆ வாழ்த்துப் படங்களை அனுப்பியவண்ணம் இருந்தனர். அவை சென்று சேராமல், ஒற்றை டிக்கோடு நின்றன. நானே ஒருமுறை, ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு அவருக்கு எழுதி அனுப்பிவிட்டு, அனுப்பிய பிறகே நினைவு வந்து கையைப் பிசைந்துகொண்டேன்.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தந்தையை இழந்த மாணவி ஒருத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் குழுவில் பணம் திரட்டியிருந்தோம். 23,400 ரூபாய். கைப்பேசி வழியாகவே அனைவரும் அனுப்பினோம். அது நண்பரின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. யார் எவ்வளவு தந்தார் என்னும் குறிப்பு பூட்டிய கைப்பேசிக்குள் இருந்தது. கட்டணம் கட்டுமுன் அவர் போய்விட்டார். கணக்கிலிருந்த பணம் வாரிசுகளுக்குச் சென்றது. அதில் ஒரு பகுதி அவர்களுடையதன்று என்பது அவர்களுக்குத் தெரியாது. துக்க வீட்டில் போய்ப் பணத்தைக் கேட்பது எப்படி? கேளாதிருந்தால் அந்தப் பெண்ணின் படிப்பு என்னாவது? அனைத்தினும் மேலாக, என் நண்பர் அமானிதத்தைத் தலையில் சுமந்தவராக அல்லவா மறுமையில் நிற்பார்?

நாற்பது நாட்கள் கழித்து, ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த அவருடைய மகனிடம் சொன்னேன். “மாமா, அத்தா கணக்கில் இருந்ததெல்லாம் அத்தா பணம் என்றே நினைத்துவிட்டோம். அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார் அவர். வங்கிக் கணக்குச் சுருளை எடுத்து வந்து பார்த்தோம். அனுப்பியவர் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மறுநாளே கட்டணம் செலுத்தப்பட்டது. ‘வரிசை மாறினால் வம்பு’ என்ற நண்பரின் சொல் அன்று முழுதும் என் காதில் ஒலித்தது. கடன் முதலில், பங்கு பின்னர்.

2024 மார்ச்சில், ரமலான் தொடங்கிய சில நாட்களில், குழுவில் ஒரு சிறு வரி தோன்றிற்று. நண்பர் விலகினார் என்றது அவ்வரி. சஹருக்கு எழுந்தவர்கள் அதைக் கண்டு கலங்கிப்போனார்கள். மந்திரமும் மாயமும் அங்கே ஒன்றுமில்லை. 120 நாட்கள் இயங்காத கணக்கை வாட்ஸ்அப் நிறுவனம் அழித்துவிடும். அழிந்த கணக்கு தான் இருந்த குழுக்களிலிருந்தும் நீங்கிவிடும். ஒரே நிர்வாகியும் நீங்கிவிட்டால், எஞ்சியவர்களுள் எவரேனும் ஒருவரை நிர்வாகியாக அந்த அமைப்பே ஆக்கிவிடும். அவ்வாறு பொறுப்பு வந்து விழுந்தது, குழுவில் ஒரு சொல்லும் பேசியறியாத ஓர் இளைஞர் தலையில். “எனக்கு ஒன்றும் தெரியாது, பெரியவர்கள் சொல்லுங்கள்” என்று அவர் எழுதினார். நான்கு மாதங்களாக நாங்கள் செய்யத் தயங்கிய ஒன்றை இயந்திரம் தயக்கமின்றிச் செய்துவிட்டது. அன்றுதான் நாங்கள் உண்மையில் அவரை இரண்டாம் முறையாக அடக்கம் செய்தோம்.

இறந்தவர்களின் கணக்குகளை என் செய்வது என்பது உலகத்துக்கே புதிய கேள்விதான். 2004-இல் ஈராக்கில் கொல்லப்பட்ட ஜஸ்டின் எல்ஸ்வொர்த் என்னும் அமெரிக்கப் படைவீரரின் மின்னஞ்சல்களை அவருடைய தந்தை கேட்டார். யாஹூ நிறுவனம் மறுத்தது. 2005-இல் மிச்சிகன் மாநில நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே தந்தது. ஜெர்மனியில், 2012-இல் இரயிலில் அடிபட்டு இறந்த பதினைந்து வயதுச் சிறுமியின் முகநூல் கணக்கைத் திறக்கப் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். கடிதங்களும் நாட்குறிப்பும் வாரிசுகளைச் சேர்வது போலவே இதுவும் சேரும் என்று 2018-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிறுவனங்களும் பட்டுத்தான் தெளிந்தன. இறந்துபோன நண்பரோடு மீண்டும் பேசுங்கள் என்று முகநூலின் இயந்திரம் பலரைத் தூண்டிப் புண்படுத்திய பிறகு, 2009-இல் அந்நிறுவனம் மறைந்தோர் கணக்குகளை நினைவுப் பக்கங்களாக மாற்றும் முறையை விளக்கி அறிவித்தது. தமக்குப் பின் அப்பக்கத்தைக் கவனிக்க ஒருவரை உயிரோடிருக்கும்போதே குறிக்கும் வசதி 2015-இல் வந்தது. கூகுள் 2013-இலேயே, இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குச் சொல் என்று எழுதிவைக்கும் வசதியைத் தந்தது. இரண்டாண்டுகள் தீண்டப்படாத கணக்குகளை அழிப்போம் என்று 2023-இல் அறிவிக்கவும் செய்தது. டுவிட்டரோ 2019-இல் அவ்வாறு அறிவித்துவிட்டு, இறந்தோரின் எழுத்துகளும் போய்விடுமே என்று மக்கள் குமுறியதும் பின்வாங்கியது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தம் மரணத்துக்குப் பின் தம் தரவுகள் குறித்த உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. வசதிகள் இருக்கின்றன, எழுதிவைப்போர்தாம் அரியர்.

இவற்றையெல்லாம் படித்தபோது, நம் தமிழ்க் கணினி உலகில் அடுத்தடுத்து நிகழ்ந்த இரு மறைவுகள் என் நினைவுக்கு வந்தன. அதிராம்பட்டினத்தில் 1953-இல் பிறந்தவர் உமர்தம்பி. துபாயில் பணிபுரிந்தவர். ஒருங்குறியில் தமிழ் தடுமாறி நடந்த நாட்களில் ‘தேனீ’ எழுத்துருக்களை ஆக்கி, எழுத்து மாற்றும் கருவிகளையும் செய்து, எல்லாவற்றையும் விலையின்றி மக்களுக்கு வழங்கினார். 2006 ஜூலையில் அவர் மறைந்தார். அவருடைய எழுத்துருக்களோ அதற்கு முன்பே எண்ணற்ற கணினிகளில் குடியேறியிருந்தன. ஆகவே அவர் கணக்கு எதுவாயினும், கொடை நின்றுவிடவில்லை. 2010-இல் கோவையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த ஆண்டே, 2007-இல், சாகரன் என்னும் பெயரில் எழுதிவந்த கல்யாண் மறைந்தார். தமிழ் வலைப்பதிவுகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டித் தந்த ‘தேன்கூடு’ தளத்தை நிறுவியவர் அவர். பதிவர்கள் மனமுருகி அஞ்சலி எழுதினார்கள். ஆயினும் சில ஆண்டுகளில் தேன்கூடு இயங்காமல் போயிற்று. பழைய பதிவுகளில் அதன் முகவரியைத் தொட்டவர்கள் வெறும் இடத்தையே கண்டார்கள்.

இருவரும் பிறருக்காக உழைத்தவர்கள். ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது என் நோக்கமன்று. ஆனால் ஒரு பாடம் அங்கே இருக்கிறது. பலர் கையில் பிரித்துக் கொடுக்கப்பட்டது பிழைத்தது. ஓரிடத்தில் நின்று ஓயாத பராமரிப்பை வேண்டியது, பராமரித்தவரின் மறைவுக்குப் பின் நெடுங்காலம் நிற்கவில்லை. எங்கள் குழுவின் கதையும் இதுதான். நிர்வாகப் பொறுப்பு ஒருவரிடமே இருந்தது, அது சிக்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமைப் பேச்சுகளோ 130 கைப்பேசிகளில் சிதறிக் கிடந்தன, அவை தப்பின.

அவற்றைத் தேடி எடுக்கும் பணியைப் பெருநாள் முடிந்ததும் தொடங்கினோம். கைப்பேசியை மாற்றியவர்கள் இழந்திருந்தார்கள். இடம் போதவில்லையென்று அழித்தவர்கள் வருந்தினார்கள். ஆனால் தம்மாம் நகரில் ஓட்டுநராக இருக்கும் ஒருவர், ஒன்றையும் அழிக்காமல் முதல் ஆண்டுப் பேச்சு முழுவதையும் வைத்திருந்தார். இரவில் வண்டி ஓட்டும்போது கேட்பாராம். 160-க்கு மேற்பட்ட பேச்சுகளில் 112 கிடைத்தன.

இப்பணியின்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஒரு மனிதரின் கணக்கு என்று நாம் சொல்வது ஒரு பொருளன்று; மூன்று பொருள்கள். பிறருக்குச் சேர வேண்டிய அமானிதம் ஒன்று. அது உடனே உரியவரிடம் போக வேண்டும். அவர் ஊருக்கென்று தந்த கொடை ஒன்று; அது ஊரில் உலவ வேண்டும். அவரை நம்பிப் பிறர் எழுதிய அந்தரங்கம் ஒன்று. பத்திரம் எழுதுபவரிடம் எத்தனை குடும்பங்கள் தம் வழக்குகளையும் வெட்கங்களையும் கொட்டியிருக்கும்! அது மகனுக்கும் உரியதன்று, மனைவிக்கும் உரியதன்று. அவரோடு அடங்கிவிட வேண்டியது. பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்த அந்த அயல்நாட்டு நீதிமன்றத்தோடு இவ்விடத்தில் என் மனம் முழுதும் உடன்படவில்லை. பிள்ளையை இழந்தவர்களின் வேதனையை நான் அறியாமலில்லை. ஆனால் கடிதத்தில் எழுதப்பெற்றவர் மட்டுமல்லர், எழுதியவரும் இருக்கிறார். அவர் இன்னும் உயிரோடும் இருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே சாவி திறக்கிறது என்பதுதான் இக்காலத்தின் சிக்கல். அந்தச் சாவியைப் பகுத்துத் தர வல்லவர் இறந்தவர் ஒருவரே. அதையும் இறக்குமுன் செய்தால்தான் உண்டு. பிறருக்கு நூற்றுக்கணக்கில் மரண சாசனம் எழுதிய என் நண்பர், தம் கைப்பேசிக்கு ஒரு வரி எழுதிவைக்கவில்லை.

இனி அந்த இளைஞருக்கு வருகிறேன். மோட்டார் சைக்கிள் படத்தைக் கண்ட மறுநாள் அந்த எண்ணை அழைத்தேன். திண்டுக்கல் பக்கத்துப் பேச்சு. “ஐயா, நான் இந்த சிம் வாங்கி ரெண்டு வாரம்தான் ஆகுது” என்றார். கைவிடப்பட்ட எண்ணைத் துண்டித்து, அதன்பின் 90 நாட்களேனும் காத்திருந்து, புதியவருக்கு விற்பது தொலைபேசி நிறுவனங்களின் நடைமுறை. அவர் காசு கொடுத்து வாங்கிய பொருள் அது. என் கோபம் அடங்கிற்று. யாருடைய எண் என்பதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், “அப்ப அது அவங்க வீட்டம்மாவா இருக்கும்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “தினமும் சாயங்காலம் ஒரு போன் வரும், ஐயா. நான் ஹலோ ஹலோம்பேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். வயசான அம்மா மாதிரி இருக்கும். வச்சிருவாங்க. மொதல்ல எரிச்சலா இருந்தது. அப்புறம் சும்மா எடுத்து வச்சுக்கிட்டு இருப்பேன். அவங்களா வைக்கிற வரைக்கும் வைக்க மாட்டேன்.”

அன்று பிற்பகலே பேருந்தேறி ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றேன். நண்பரின் மனைவியிடம் எவ்வாறு கேட்பதென்று தயங்கி, இறுதியில் கேட்டேன். “தெரியும் அண்ணே. அவங்க இல்லைன்னு எனக்குத் தெரியாதா?” என்றார் அவர். “முன்னால எல்லாம் அடிச்சா ஒரு பொண்ணு குரல்தான் வரும், அணைச்சு வச்சிருக்குன்னு. ஒரு நாள் மணி அடிச்சுது, அண்ணே. அந்த மணியைக் கேட்கத்தான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த 112 பேச்சுகளையும் அவருடைய எளிய கைப்பேசியில் ஏற்றி, முதல் பேச்சை ஒலிக்கவிட்டுக் கொடுத்தேன். பால்காரரின் மணி ஒலித்தது, பேரன் அழுதான், ஓதும் குரல் எழுந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவர் கேட்டார்.

வீடு திரும்பிய இரவே ஒரு தாளை எடுத்தேன். எழுதிவைக்க வேண்டியது ஏதேனும் உடையவர், அதை எழுதாமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் அறிவுரை. நான் எத்தனை ஆயிரம் இரவுகளைக் கழித்துவிட்டேன்! என்னிடம் பிறர் பணம் எவ்வளவு இருக்கிறது, என் மௌத்துச் செய்தியை எந்தக் குழுவில் யார் சொல்ல வேண்டும், எந்தப் படங்கள் எவருக்கு, எவற்றைப் படிக்காமலே அழிக்க வேண்டும் என்று எழுதினேன். குழுவுக்கு இப்போது மூன்று நிர்வாகிகள். என் தாள் மூத்த மகனிடம் மூடிய உறையில் இருக்கிறது. வாசக அன்பர்களே, உங்கள் தாள் எங்கே இருக்கிறது?

மூன்று மாதங்கள் கழித்து அந்தத் திண்டுக்கல் இளைஞர் என்னை அழைத்தார். நண்பரின் பெயர் திரையில் ஒளிர்ந்தது. அதை நான் இன்னும் மாற்றவில்லை. “ஐயா, அந்த அம்மா இப்பல்லாம் போன் பண்றதில்லை. நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார்.

நலமாக இருக்கிறார்கள் என்றேன். அல்ஹம்துலில்லாஹ்.